துவைச்சா போற பசை வச்சு க்வில்ட் தைக்கிறப்போ வர்ற கோளாறும் அதை சரி பண்ற வழியும்

க்வில்ட்டுங்கிறது துண்டு துணிங்களைச் சேர்த்து தைச்ச மேல் துணி (டாப்), நடுவுல பஞ்சு விரிப்பு (பேட்டிங்), கீழ அடித்துணி, இந்த மூணு அடுக்கையும் ஒண்ணா தைச்ச போர்வை. க்வில்ட் தைக்கும்போது துண்டு துணிங்களை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வைக்கவும், டாப், பேட்டிங், அடித்துணி மூணையும் நகராம நிறுத்தவும் துவைச்சா போயிடுற வெள்ளைப் பசை மாதிரி வசதியான சாமான் வேற இல்லைங்கிறது என் கருத்து. குண்டூசி குத்தின இடத்துல மட்டும்தான் பிடிக்கும், ரெண்டு ஊசிக்கு நடுவுல துணி அது பாட்டுக்கு நகரும், பசை கோடு முழுக்கப் பிடிக்கும், மெஷின் ஃபுட் கிட்ட வர்றப்போ ஒவ்வொரு ஊசியா உருவிக்கிட்டு இருக்கவும் வேணாம். ஆனா பசை போட்டு எல்லாம் கெட்டுப்போச்சுன்னு சொல்றவங்களும் நிறைய பேர் இருக்காங்க. அவங்க சொல்றதைக் கேட்டுப் பார்த்தா கோளாறு சுத்தி சுத்தி மூணு இடத்துலதான் வந்து நிக்கும்: எந்தப் பசை போட்டீங்க, எவ்வளவு போட்டீங்க, சூடு காட்டி காய வச்சீங்களா இல்லையா. பசையோட வேலை தையல் விழற வரைக்கும் துணியைப் பிடிச்சு வைக்கிறது, அவ்வளவுதான், க்வில்ட்டைத் தாங்கப் போறது நூலு. இதை மனசுல வச்சுக்கிட்டா கீழ இருக்கிறதுல பாதி உங்களுக்கே தோணிடும்.

கண்ணுல படுற அறிகுறியை வச்சு பிரிச்சு எழுதியிருக்கேன், உங்களுக்கு எது நடக்குதோ அங்க நேரா போயிடுங்க, ஆனா இந்த முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க.

முதல்ல பாட்டிலைத் திருப்பிப் பாருங்க

லேபிள்ல வாஷபிள்னு போட்டிருக்கணும். அமெரிக்காவுல க்வில்ட் பண்றவங்க பெரும்பாலும் எடுக்கிறது எல்மர்ஸ் வாஷபிள் ஸ்கூல் க்ளூ, ஸ்கூல் பிள்ளைங்க சட்டையில கொட்டிக்கிட்டாலும் துவைச்சா போகணும்னு செஞ்ச பசை அது. அதே கம்பெனியில க்ளூ ஆல்னு இன்னொரு வெள்ளை பாட்டில் இருக்கு, பார்க்கவும் ஒண்ணு மாதிரி, ஊத்தினாலும் ஒண்ணு மாதிரி, ஆனா அது துவைச்சா போறதுக்குன்னு செஞ்சது இல்லை, நிலையா ஒட்டுறதுக்கு. பேர்ல ஸ்கூல், வாஷபிள் ரெண்டும் இருக்கான்னு பாத்து வாங்குங்க. நம்ம ஊர்ல வெள்ளைப் பசைன்னாலே கை ஃபெவிகால் டப்பாவுக்குத்தான் போகும், அந்த வகைப் பசைங்க மரத்துக்கும் காகிதத்துக்கும் ஒட்டினது ஒட்டினபடி நிக்கணும்னு செஞ்சது, காஞ்சா ஒரு பிளாஸ்டிக் தோல் மாதிரி ஆயிடும், தண்ணில ஊற வச்சா வெளுத்து மெத்துன்னு ஆகுமே தவிர கரைஞ்சு வெளிய வராது. க்வில்ட்டுக்கு அது வேணவே வேணாம். க்வில்ட்டுக்குன்னே விக்கிற ராக்ஸேன் க்ளூ பேஸ்ட் இட் மாதிரி பாட்டிலும் இருக்கு, ஊசி மாதிரி மூக்கு வச்சிருக்கும், நல்ல சாமான், விலைதான் கூட.

எந்தப் பசையா இருந்தாலும் சோதிச்சுப் பாத்துட்டுதான் பெரிய வேலைக்குப் போகணும். நீங்க தைக்கப் போற அதே துணியில ரெண்டு சின்னத் துண்டு எடுங்க, நடுவுல ஒரு கோடு பசை, அயர்ன் பண்ணி ஒட்டிடுங்க, ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. காலையில வெதுவெதுப்பான தண்ணில அரை மணி நேரம் ஊறட்டும். தானா பிரிஞ்சு வரணும், காஞ்சதுக்கு அப்புறம் அந்தக் கோட்டு மேல விரலை ஓட்டினா எதுவுமே தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டா அந்த பாட்டிலை பிள்ளைங்க கிராஃப்ட் வேலைக்குக் கொடுத்துடுங்க.

ஊசி பிசுபிசுன்னு ஆகுது, தையல் விடுது, நூல் அறுந்துக்கிட்டே இருக்கு

இதுதான் அதிகமா வர்ற புகார், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். மெஷின் தையல் எப்படி விழுதுன்னா, ஊசி கீழ போயி லேசா மேல எழும்பும்போது கண்ணுக்குப் பக்கத்துல நூல் ஒரு சின்ன வளையமா தளரும், அந்த வளையத்தை கீழ இருக்கிற கொக்கி வந்து பிடிச்சு பாபின் நூலைச் சுத்தி எடுத்துட்டுப் போகும். ஊசியில பசை ஒட்டியிருந்தா ஊசி மேல ஏறும்போது துணியும் கூடவே எழும்பும், வளையம் விழாது, கொக்கி காத்தைப் பிடிச்சுட்டுப் போயிடும், தையல் விட்டுப்போகும். நூல் அறுறது இன்னொரு கதை, ஊசியோட முன் பக்கம் நீளமா ஒரு காடி இருக்கும், நூல் அதுக்குள்ள பதிஞ்சுதான் துணிக்குள்ள இறங்கணும், அந்தக் காடியிலயும் கண்ணுலயும் பசை அடைச்சா நூல் உரசி உரசி பஞ்சு பஞ்சா பிரிஞ்சு அறுந்துடும்.

முதல்ல இது பசையாலதானான்னு பாருங்க. பசை போடாத ஒரு துண்டுத் துணியில, அதே பேட்டிங் வச்சு, புது ஊசி போட்டு ஒரு முழம் தையல் போடுங்க. அதுலயும் தையல் விட்டா பசையைத் திட்டாதீங்க, கோளாறு மெஷின்ல, இல்ல நூல் கோர்த்த விதத்துல. அது நல்லா வந்து பசை போட்ட இடத்துல மட்டும் விட்டா பசைதான்.

பசைதான்னா ஏதோ ஒண்ணுதான் நடந்திருக்கும், ஒண்ணு பசை இன்னும் காயலை, இல்ல கோடு தடிமனா விழுந்திருக்கு, இல்ல தையல் விழற இடத்துலயே பசை இருக்கு. காயலைன்னா தைக்கிறதை நிறுத்திட்டு, நீராவி இல்லாம வெறும் சூட்டுல மறுபடி அயர்ன் பண்ணுங்க, துணி கையில தொட்டா குளிர்ச்சியாவே இருக்கக் கூடாது, குளிர்ச்சி இருந்தா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம். தடிமனா இருந்தா ஊசியை 90/14 டாப்ஸ்டிச் ஊசிக்கு மாத்துங்க, அதோட கண்ணு பெருசு, காடியும் ஆழம், பசைக் கோட்டைத் தாண்டிப் போயிடும். அப்பப்போ மெஷினை ஆஃப் பண்ணிட்டு ஈரத்துணியால ஊசியைத் துடைச்சு உடனே காஞ்ச துணியாலயும் துடைச்சிடுங்க, மெடிக்கல் ஷாப்ல ஊசி போடறதுக்கு முன்னாடி தடவுற ஸ்பிரிட் ஸ்வாப் கிடைக்கும்ல, அதுவும் நல்லா எடுக்கும். வேலை முடிஞ்சதும் அந்த ஊசியைத் தூக்கிப் போட்டுடுங்க, ஊசி விலைக்கு யோசிச்சு ஒரு முழு டாப்பை கெடுத்துக்க வேணாம். ஊசிக்கு அடியில இருக்கிற தட்டைக் கழட்டி, துணியை நகர்த்துற பல்லுலயும் ஒரு ப்ரஷ் போட்டுடுங்க, பஞ்சும் பசையும் சேர்ந்து உருண்டையா உக்காந்திருக்கும்.

அடுத்த தடவை வராம இருக்கணும்னா கோடு எங்க விழணும்ங்கிறதுதான் விஷயம். துண்டு ஜாயின் பண்றப்போ தையலுக்கு விடுறது கால் இன்ச், அதுல பசை போக வேண்டியது வெட்டின ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவுல, அதாவது ஓரத்துலேர்ந்து அரைக்கால் இன்ச் உள்ள. அங்க விழுந்தா ஊசி பசையைத் தொடவே தொடாது. ஆனா அந்த சின்ன இடத்துல பாட்டிலோட சாதா மூக்கால கோடு இழுக்க முடியாது, முடி மாதிரி மெல்லிசா கோடு விழற உலோக மூக்கு தனியா விக்கிறாங்க, பசை வேலைன்னு இறங்கினா முதல் செலவு அதுக்குத்தான் பண்ணணும்.

பசை போட்டும் மூலைங்க சேர மாட்டேங்குது

ரெண்டு தையல் சந்திக்கிற இடத்துல அரை நூல் அளவு தள்ளிப்போச்சுன்னா பசை போட்டதோட பலனே போச்சு. பெரும்பாலும் நடக்கிறது என்னன்னா பசை ஈரமா இருக்கும்போது அயர்ன் பாக்ஸை சட்டைக்கு தேய்க்கிற மாதிரி இழுத்துடுறாங்க. இழுக்கவே கூடாது, வச்சு அழுத்தணும், தூக்கணும், பக்கத்துல வைக்கணும். குறுக்கா வெட்டின துண்டுன்னா இன்னும் மோசம், இழுத்தா நீண்டுடும், அப்படியே காஞ்சும் போயிடும்.

கோடு போட்ட துணி, கட்டம் போட்ட துணி சேர்க்கிறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன், பசை எதுக்குப் பயன்படுதுன்னு இதுல தெரிஞ்சிடும். ஒரு துண்டோட ஓரத்தை கால் இன்ச் உள்பக்கம் மடிச்சு அயர்ன் பண்ணுங்க. மடிச்சுப் போன அந்த கால் இன்ச் பட்டையோட வெளிப்பக்கத்துல, வெட்டின ஓரத்துக்குப் பக்கத்துல மெல்லிசா ஒரு கோடு பசை. ரெண்டாவது துண்டை நல்ல பக்கம் மேல இருக்கிற மாதிரி மேஜையில வச்சுக்கிட்டு, மடிச்ச துண்டை அது மேல வச்சு கட்டத்தோட கட்டம் கண்ணால பாத்துப் பாத்து சேருங்க, பொறுமையா நகர்த்தலாம், பசை காய்ற வரைக்கும் நேரம் இருக்கு. சேர்ந்ததும் அழுத்தி அயர்ன். இப்போ மேல் துண்டைப் பிரிச்சுத் திருப்பினா மடிச்ச இடத்துல ஒரு கீறல் மாதிரி தடம் தெரியும், அந்தத் தடத்து மேலயே தைச்சிடுங்க. குண்டூசி வச்சு இந்த அளவுக்கு சேர்க்கிறது ரொம்ப கஷ்டம்.

வளைவுத் துண்டுக்கும் பசை அருமையா வேலை செய்யும், ஆனா கோடா போடாம புள்ளி புள்ளியா வைங்க, நடுப்புள்ளி முதல்ல, அப்புறம் ரெண்டு ஓரம், அப்புறம் இடையில. மூணு தையல் ஒரே புள்ளியில வந்து முட்டுற ஒய் சீமா இருந்தா கடைசி கால் இன்ச்ல பசை போகவே கூடாது, போனா அந்த இடத்தைத் திருப்பவே முடியாது.

எல்லாம் சரியா பண்ணியும் கொஞ்சம் தள்ளிப்போகுதுன்னா கால் இன்ச் அளவைப் பாருங்க. தையல் மடியற இடத்துல துணியோட கனம் கொஞ்சம் அளவைத் தின்னுடும், அதனால கால் இன்ச்சுக்கு ஒரு தையல் நூலோட கனம் அளவு கம்மியா தைக்கணும். அதைப் பசை சரி பண்ணாது.

தைச்சு முடிச்சுட்டு சீமைப் பிரிச்சு அயர்ன் பண்ணப் பார்த்தா பிரிய மாட்டேங்குது

சீம்னு இங்க சொல்றது தையலுக்கு வெளிய விட்ட அந்த கால் இன்ச் ஓரத்தை. பசை ரெண்டு ஓரத்தையும் ஒட்டிடுச்சு, வேற ஒண்ணும் இல்லை. மெல்லிசா போட்டிருந்தா விரல் நகத்தால நடுவுல ஓட்டினாலே பட்டுன்னு விட்டுடும். விடலைன்னா விரலை தண்ணில நனைச்சு அந்த ஓரத்துல தடவி ஒரு நிமிஷம் விட்டு பிரிங்க, கத்தி, ரிப்பர் எதுவும் வேணாம், துணி கிழியும். சீமைப் பிரிச்சு அயர்ன் பண்றதுதான் உங்க பழக்கம்னா நீளக் கோடு போடாதீங்க, ரெண்டு இன்ச்சுக்கு ஒரு புள்ளி போதும். ஒரு பக்கமா சாய்ச்சு அயர்ன் பண்றவங்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது.

மூணு அடுக்கும் தைக்கிறதுக்கு முன்னாடியே விட்டு வருது

பாதி க்வில்ட் தைச்சு மடிச்சு வச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு எடுத்தா ஓரமெல்லாம் பிரிஞ்சு கிடக்கும். பேட்டிங் பஞ்சு மேல பசை விழுந்தா மேல் நாருல மட்டும்தான் ஒட்டும், அதனால துணியோட கை வச்சு அழுத்தித் தேய்ச்சு, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அயர்ன் பண்ணணும், டாப் பக்கம் மட்டும் பண்ணிட்டு விட்டா அடித்துணி பக்கம் ஈரமாவே இருக்கும். மழைக் காலத்துல, கடலோர ஊர்கள்ல, இந்தப் பசை காத்துல இருக்கிற ஈரத்தை வாங்கி இளகவும் செய்யும், தண்ணில கரையற பசைக்கு அது இயல்பு. புதுசா பசை ஊத்த வேணாம், மறுபடி ஒரு தடவை அயர்ன் பண்ணினாலே போதும், முக்கால்வாசி இடம் திரும்ப பிடிச்சுக்கும். மிச்சத்துக்கு மட்டும் ரெண்டு ரெண்டு சொட்டு.

தரையில விரிச்சு பண்றவங்க கவனிங்க, கிரானைட், டைல்ஸ் தரை அயர்ன் சூட்டை எல்லாம் உறிஞ்சிடும், பசை காயவே காயாது. தடிமனான பருத்தி பெட்ஷீட்டை நாலா மடிச்சு அடியில போட்டுக்கிட்டு பண்ணுங்க.

பாலியஸ்டர் பேட்டிங்கா இருந்தா இன்னொரு சிக்கல், பருத்திக்கு வைக்கிற சூடு வச்சா பஞ்சு உருகி தட்டையாயிடும், அப்புறம் அது எழும்பாது. நடுத்தர சூடு, துணி பக்கத்துலேர்ந்து மட்டும், ரெண்டு மூணு செகண்டு வச்சு எடுத்துடுங்க, மிச்சத்தை ஃபேன் காத்துல ராத்திரி முழுக்க காய விடுங்க. பருத்தி பேட்டிங், இல்ல 80/20 கலப்பு (80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியஸ்டர்), இதுக்குத்தான் பசை முறை நல்லா ஒத்துவரும்.

க்வில்ட் பண்ணித் திருப்பிப் பார்த்தா அடியில சுருக்கம், மடிப்பு

கண்ணீர் வர வைக்கிற விஷயம் இது, ஏன்னா மேல பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். பசை சுருக்கத்தையும் சேர்த்துப் பிடிச்சிடும், அதான் காரணம். ஊசி குத்தி பண்றப்போ துணி கொஞ்சம் நகர்ந்து தானா சரியாகிற வாய்ப்பு இருக்கு, பசையில அது கிடையாது, எப்படி ஒட்டினீங்களோ அப்படியேதான் நிக்கும்.

தைக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டீங்கன்னா சுலபம். அந்த இடத்துல தண்ணி ஸ்ப்ரே அடிங்க, ரெண்டு நிமிஷம் விடுங்க, அடித்துணியை மெதுவா உரிங்க, பஞ்சு கூட வராம ஒரு கையால பேட்டிங்கை அமுக்கிக்கங்க. கையால நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தடவி விட்டு அயர்ன். முதல்ல போட்ட பசையே மிச்சம் இருக்கும், புதுசா தேவைப்படாது. தைச்சாச்சுன்னா அந்த மடிப்பைச் சுத்தி ஒரு சாண் அகலத்துக்கு தையலைப் பிரிச்சுத்தான் ஆகணும், பிரிச்சுட்டு இதே முறைதான்.

வராம இருக்க: அடித்துணியை தவறான பக்கம் மேல இருக்கிற மாதிரி விரிச்சு, சுருக்கம் போற அளவுக்கு இழுத்து ஓரத்துல டேப் ஒட்டுங்க. ரொம்ப இறுக்கி இழுத்தீங்கன்னா டேப் எடுத்ததும் துணி பழைய அளவுக்கு சுருங்கும், அப்போ டாப் சுருங்கி நிக்கும், அதனால இறுக்கம் வேணாம், மட்டமா இருந்தா போதும். பேட்டிங்கை அது மேல முழுசா விரிச்சு, பாதியைத் திரும்ப நடுக்கோடு வரைக்கும் மடிங்க. திறந்த பாதி அடித்துணியில மூணு நாலு இன்ச் இடைவெளி விட்டு மெல்லிசா வளைவு வளைவா பசைக் கோடு, பேட்டிங்கை கொஞ்சம் கொஞ்சமா உருட்டி விட்டுக்கிட்டே நடுவுலேர்ந்து வெளிப்பக்கம் கையால தடவுங்க. அடுத்த பாதி. அப்புறம் டாப்புக்கும் இதே மாதிரி. ஒரே தடவையில முழுசுக்கும் பசை ஊத்திட்டு மேல துணியைப் போடலாம்னு நினைச்சா கடைசி மூலைக்கு வர்றதுக்குள்ள முதல் மூலை காஞ்சிருக்கும்.

டாப் மேல ஈரக் கறை மாதிரி தெரியுது

பசை அதிகமாயி துணி வழியா ஊறி மேல வந்திருக்கு. ஈரமா இருக்கும்போது அடர்த்தியா தெரியும், காஞ்சா பெரும்பாலும் போயிடும், போகலைன்னாலும் அது நாருக்குள்ள உக்காந்திருக்கிற பசைதான், துவைச்சா போயிடும். தேய்க்காதீங்க, பரவும். அயர்ன் பாக்ஸ் அடியில ஒட்டாம இருக்க மேல பட்டர் பேப்பர் வச்சு அழுத்துங்க.

கலர் க்ளூ ஸ்டிக், ஊதா, நீலம் அந்த மாதிரி, போடுற இடம் தெரியணும்னு கலர் கொடுத்திருக்காங்க, காஞ்சா கலர் மறைஞ்சிடும். இருந்தாலும் வெள்ளைத் துணின்னா முதல்ல ஒரு ஓரத்துல சோதிச்சுக்கங்க.

இங்கயே இன்னொரு விஷயத்தைச் சொல்லிடணும், பசையைப் பத்தி பேசறவங்க இதை விட்டுடுறாங்க. க்வில்ட் டிசைனை நீல நிற, தண்ணில அழியற பேனாவால வரைஞ்சுட்டு அது மேல அயர்ன் வச்சீங்கன்னா அந்த மை துணியில நிலைச்சுப் போயிடும், அப்புறம் தண்ணில போகாது. சூட்டுல மறையற ஃபிரிக்ஷன் பேனாவா இருந்தா 60 டிகிரி தாண்டினதுமே கோடெல்லாம் காணாமப் போயிடும், நீங்க திரும்ப முதல்லேர்ந்து வரையணும், போதாததுக்கு கடுங்குளிர்ல அந்தக் கோடு திரும்ப வந்தும் நிக்கும், அமெரிக்கா, கனடா பக்கம் பார்சல் அனுப்புறவங்க இதை நினைவுல வச்சுக்கங்க. அதனால வரிசை இதுதான்: பசை, அயர்ன், நல்லா ஆறட்டும், அப்புறம்தான் பேனா.

துவைச்ச பிறகும் விறைப்பா இருக்கு, கோடு கோடா தட்டுப்படுது

பசை சரியானதுன்னு சோதிச்சிருந்தீங்கன்னா பயப்படாதீங்க, இன்னும் முழுசா கரையலை, அவ்வளவுதான். மெஷின்ல போட்டு குறைஞ்ச நேர சைக்கிள்ல ஓட்டினா உள் அடுக்குல இருக்கிற பசைக்கு ஊற நேரமே கிடைக்காது. பெரிய டப்புல வெதுவெதுப்பான தண்ணி, சோப்பு எதுவும் போடாம அரை மணி நேரம் ஊற வைங்க, நடுவுல கையால அமுக்கி அமுக்கி விடுங்க, தண்ணில கையை விட்டா வழுவழுன்னு இருக்கும், அதுதான் பசை வெளிய வர்றது. தண்ணியை மாத்தி மறுபடி. வழுவழுப்பு போன பிறகு மெஷின்ல மென்மையான சைக்கிள், கொஞ்சமா லிக்விட் சோப்பு. ஈரமான க்வில்ட் கனமா இருக்கும், ரெண்டு மூலையைப் பிடிச்சு தூக்கினா தையல் இழுபடும், கீழ ஒரு பெட்ஷீட்டைக் கொடுத்து முழுசா அள்ளித் தூக்குங்க.

முதல் துவையல்ல போராக்ஸ் கலந்த பவுடர் எதுவும் போடாதீங்க. பிள்ளைங்க ஸ்லைம் செய்றதைப் பாத்திருப்பீங்க, ஸ்கூல் பசையும் போராக்ஸும் சேர்ந்தா வர்ற அந்த ரப்பர் மாதிரி சமாச்சாரம்தான் அது, க்வில்ட்டுக்குள்ள அது நடக்கவே வேணாம். அப்படி ஏதாவது ஆயிட்டா வினிகர் கலந்த தண்ணில ஊற வைங்க, ஸ்லைமை வினிகர் இளக்கிடும்.

காஞ்ச பிறகு உள்ளங்கையால முழுக்க தடவிப் பாருங்க. விறைப்பு இருக்கிற வரைக்கும் அயர்ன் பண்ணாதீங்க, டிரையர்லயும் போடாதீங்க, திரும்ப ஊற வைங்க. இன்னொண்ணு, துவைச்ச பிறகு க்வில்ட் மொத்தமா கொஞ்சம் சுருங்கி நெளிநெளியா வந்தா அது பசையால இல்லை, துவைக்காத பருத்தி பேட்டிங் முதல் துவையல்ல நூத்துக்கு 3லேர்ந்து 5 வரைக்கும் சுருங்கும், நிறைய பேருக்கு அந்தப் பழைய தோற்றம்தான் பிடிக்கும், எனக்கும்.

சாயம் இறங்கிடுச்சு

பசை போட்டா க்வில்ட்டைத் துவைச்சே ஆகணும், அதனால சாயம் போற துணி இருந்தா மாட்டிப்பீங்க. கை அச்சு போட்ட துணி, அடர் சிவப்பு, இண்டிகோ நீலம், இதையெல்லாம் வெட்டுறதுக்கு முன்னாடியே தனித்தனியா அலசி, வெள்ளைத் துணியில ஒத்திப் பாத்து, கலர் ஒட்டலைன்னா மட்டும் எடுங்க. ஏற்கெனவே இறங்கிடுச்சுன்னா ஒரே ஒரு விதி, காய விடாதீங்க. நிறைய தண்ணி, சோப்பு, முழுசா முங்கற மாதிரி, தண்ணி நிறம் மாறினதும் கொட்டிட்டு புதுத் தண்ணி, தெளியற வரைக்கும். ஈரம் இருக்கிற வரைக்கும் இறங்கின சாயத்தை எடுக்க வாய்ப்பு இருக்கு.

பேப்பர் பீசிங்ல பேப்பர் வர மாட்டேங்குது

அறுகோணம் அறுகோணமா காகிதத்து மேல துணியை மடிச்சு ஒட்டி கையால தைக்கிறவங்களுக்கு இது. க்ளூ பேனாவை காகிதத்தோட ஓரத்துலயே ஓட்டியிருப்பீங்க, அங்க பசை இருந்தா கை ஊசியும் இறங்காது, காகிதமும் கிழிஞ்சு கிழிஞ்சுதான் வரும். ஓரத்துலேர்ந்து அரைக்கால் இன்ச் உள்ள தள்ளி ஒரு சின்ன தீற்று போதும், முழு பக்கத்துக்கும் பூச வேணாம். வராததை எடுக்க லேசா ஈர விரல், இல்ல இளஞ்சூட்டுல அயர்ன் வச்சு சூடா இருக்கும்போதே காகிதத்துக்கும் துணிக்கும் நடுவுல மழுங்கின ஒரு குச்சியை விட்டு வழிச்சு எடுங்க.

வெயில் காலத்துல க்ளூ பேனா இளகி வழவழன்னு அளவுக்கு மீறி வரும், அதை ஃப்ரிட்ஜ்ல வைங்க, எடுத்ததும் கெட்டியா, மெல்லிசா போகும்.

மூக்கு அடைச்சுக்கிச்சு

வெதுவெதுப்பான தண்ணில மூக்கை மட்டும் ஊற வைங்க, குத்திக் குத்தி அகலமாக்காதீங்க. வேலை முடிஞ்சதும் துருப்பிடிக்காத குண்டூசி ஒண்ணை உள்ள சொருகி வைங்க, சாதா ஊசின்னா துரு பசையோட சேர்ந்து துணிக்கு வந்துடும்.

அலமாரியில பாதி தைச்ச க்வில்ட்ல பூச்சி, நாத்தம்

கோதுமை மாவு, மைதா காய்ச்சி பசையா போடுறவங்களும் இருக்காங்க, மலிவு, துவைச்சா சுத்தமா போகும், ஒட்டறதும் நல்லாவே ஒட்டும். ஆனா மாவுச்சத்து ராமபாணத்துக்கும் கரப்பானுக்கும் சாப்பாடு, மழைக்காலத்துல பூஞ்சையும் பிடிக்கும். மாவுப் பசை போட்டா அந்த மாசத்துக்குள்ள தைச்சு துவைச்சுடுங்க, தள்ளிப் போடாதீங்க. ஸ்கூல் பசைக்கு பூச்சி அந்த அளவுக்கு வராது, ஆனாலும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காம பழைய பருத்தித் துணியில சுத்தி வைங்க.

கை ஊசி உள்ள போகவே மாட்டேங்குது

கையால க்வில்ட் பண்றவங்களுக்கு பசை அவ்வளவா தோதுப்படாது. சின்ன ஊசியில நாலஞ்சு தையலை ஒண்ணா ஏத்தி இழுக்கிறப்போ காஞ்ச பசை ஒவ்வொண்ணும் விரலைப் பழுக்க வைக்கும். ஓரத்துல மட்டும் புள்ளி வச்சுட்டு நடுவுல நூல் ஓட்டிக்கங்க. அப்ளிக், அதாவது துணியில வெட்டின பூ, இலையை இன்னொரு துணி மேல வச்சு தைக்கிறது, அதை ஒட்டுறதுக்கு மட்டும்னா பசை நல்லது, அதுலயும் ஓரத்துலேர்ந்து கால் இன்ச் உள்ள தள்ளி வைங்க, ஊசி முனையால துணியை மடிச்சு உள்ள தள்ள இடம் வேணும்ல.

துவைக்கவே முடியாத க்வில்ட்டுக்கு, பழைய பட்டுப் புடவைத் துண்டு, வெல்வெட், சரிகை இருக்கிற சுவர் அலங்காரம் இதுக்கெல்லாம் பசையே வேணாம். பட்டுல தண்ணி பட்டாலே வட்டமா தடம் நிக்கும், பசையை எடுக்க ஊற வைக்கிறதுக்கு வழியே இல்லை. அதுக்கு மெல்லிசான பருத்தி நூலை மாறுபட்ட நிறத்துல எடுத்து, நாலு இன்ச்சுக்கு ஒரு வரிசை நீளத் தையலா கையால ஓட்டுங்க, க்வில்டிங் முடிஞ்ச ஒவ்வொரு பகுதியிலயும் உடனே உருவிடுங்க, மேல தையல் ஏறிட்டா அப்புறம் உருவ வராது.